என் மனைவி இன்னொருவர் பெட்டிக்கு ஒயர் வைத்த விவகாரம்

நகோயா,
டிசம்பர் 4

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஓனிஷி குனிமிட்சு அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் கனியே சடாஹிரோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. எங்கள் தெருமுனை கிங்கோ மரம் கடைசி இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. மாருகாமேயிலும் கடற்காற்று உறைக்கத் தொடங்கியிருக்கும். தாங்களும் தங்கள் வீட்டு அக்காவும் சளி, இருமல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் உடோன் நூடுல்ஸ் கடை அண்டா ஒருநாளும் ஆறாமல் கொதிக்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே உடம்பு அளவில் இருவரும் சுகம்.

ஆண்டு இறுதிக்குத் தாங்கள் அன்போடு அனுப்பிய உடோன் பெட்டி வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. இருபத்தொன்பது வருடமாகப் பெட்டியின் மேல் என் பெயரும் தொமோயே பெயரும் சேர்ந்தே இருக்கும், இந்த வருடம் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மாவு பிசைந்து கை ஓய்ந்திருக்கும், இரண்டு பெயர் எழுத முடிந்திருக்காது. உடோன் மிகவும் ருசியாக இருந்தது. அவள் எனக்கும் கொடுத்தாள்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வருகிற ஒன்பதாம் தேதிக்குள் தங்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிஜமாக அல்ல, தெய்வம் காப்பாற்றட்டும். தொமோயேவுக்குப் போன் போட்டு, "உடோன் மாவைக் கால் வச்சு மிதிக்க முடியலம்மா, காலையே தூக்க முடியல, ஒரு வாரம் வந்து பாத்துக்க" என்று சொன்னால் போதும். அண்ணன் என்றால் அவள் உயிரை விடுவாள், மறுநாளே ரயில் ஏறிவிடுவாள். பதினைந்தாம் தேதி காலையில் தங்கள் இடுப்பு சரியாகிவிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள், வரும்போது அவள் பையில் ஈயம் பற்றவைக்கிற சால்டர் கோல் இருந்தால் அதைப் பிடுங்கி அண்டாவில் போட்டுவிடவும். இவனுக்கு என்ன பைத்தியமா என்று நினைப்பீர்கள். முழுவதும் படித்துவிட்டு நினையுங்கள்.

நான் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். அது போக எனக்கு இன்னொரு வேலை உண்டு என்பதும் தெரியும். ஆனால் அது என்ன என்று ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்லத் தொடங்கியதும் தூங்கிவிடுவீர்கள். இந்தத் தடவை உடோன் கணக்கில் சொல்கிறேன். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது வந்த வீடியோ கேம் பெட்டி ஒன்று உண்டு, வெள்ளை நிறம், ஒரு கையில் அடங்கும். அதன் வயிற்றுக்குள் படமானது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறமாகத் தனித்தனியே சுத்தமாகத்தான் பிறக்கிறது. அந்தக் காலத்து டிவிக்கு ஒரே ஒயர்தான் போகும் என்பதால் மூன்றையும் ஒன்றாகக் கலக்கி வெளியே அனுப்பினார்கள். உங்கள் கடையில் உடோன், சாறு, பொரித்த இறால் மூன்றையும் ஒரே குழாயில் ஊற்றி மேசைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? அந்த லட்சணத்தில்தான் நாங்கள் பார்த்த படம் இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்றால், பெட்டியைத் திறந்து, மூன்று நிறமும் கலப்பதற்கு முன்னால் அவற்றைப் பிறந்த இடத்திலேயே பிடித்து, தனித்தனியாக மெல்லிய ஒயர் வைத்து, நடுவில் பலம் கொடுக்க ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சில்லு வைத்து, இருபத்தொரு கால் உள்ள பிளக் வழியாக மானிட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சேர்த்துவிட்டால், மச்சான், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். அதைப் பார்க்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு வரும்.

ஆனால் இதில் ஒரு சனியன் உண்டு. ஒயரை எவ்வளவு கவனமாக வைத்தாலும் வெறும் நீல வானம் வருகிற இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரியும், ஜன்னல் கம்பி வழியாக வானத்தைப் பார்க்கிற மாதிரி. சாதாரண ஜனங்களுக்கு இது தெரியாது. தொமோயேவைப் பத்து வருடமாக மானிட்டர் முன்னால் உட்காரவைத்து, தலையைப் பிடித்துத் திருப்பி, "இதோ, இங்க, மேகத்துக்குப் பக்கத்துல" என்று காட்டியிருக்கிறேன். "எனக்கு வானம்தாங்க தெரியுது" என்பாள். அந்தப் பத்து வருடமும் எவ்வளவு நிம்மதியான வருடங்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இந்தக் கோட்டை ஒழிப்பதற்கென்றே இந்த ஊரில் நாங்கள் பதினோரு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசு கடைவீதியில் ஒரு காபிக் கடை மாடியில் கூடுகிறோம். பழைய மின்சாமான் கடை வைத்திருக்கும் ஹோரிபே-சான்தான் தலைவர். டிசம்பர் கூட்டத்தில் போட்டி. தங்கள் கையாலேயே ஒயர் வைத்த பெட்டியை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே விளையாட்டின் ஒரே வானத்தை ஓடவிட்டு, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்ப்போம். எங்கள் ஊரில் காலைக் காபிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் இனாம் அல்லவா? யாருடைய வானம் சுத்தமோ அவர் பெட்டி முன்னால் ஒவ்வொருவரும் தன் முட்டையை வைத்துவிட வேண்டும், அதுதான் ஓட்டு. நான் தொடர்ந்து நான்கு வருடம் அதிக முட்டை வாங்கி ஜெயித்தவன். குடிநீர் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அன்று எனக்குக் கொடுத்த பூச்செண்டைவிட அந்த முட்டைகள் எனக்குப் பெரிது. இதை வெளியே சொன்னதில்லை.

இப்போது என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. தொமோயே முப்பத்தொரு வருடம் பல் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வாயில் போய் உட்காரப்போகிற பல்லைச் சீவிக்கொண்டிருப்பாள். மார்ச்சில் வேலையை விட்டாள். ஏப்ரலில் ஒருநாள் என் கண்ணாடியின் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. சில்லின் கால்களோ எறும்புக் கால் மாதிரி இருக்கும். "தொமோயே, ஒரே ஒரு ஒயர், இந்தக் காலோட சேத்துப் பிடி" என்றேன். ஒரே ஒரு ஒயர். அவள் தன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள், கோலை ஒயரில் வைத்தாள், எடுத்தாள். நான்கு விநாடி. ஈயம் வழியாமல், பிசிறு இல்லாமல், கம்பியைத் தழுவிக்கொண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "இவ்வளவுதானா?" என்றாள். "பல்லுன்னா போட்டவரு கடிச்சுப் பாப்பாரு. இது சும்மா இருந்தாப் போதும்ல?" நான் பாராட்டவில்லை. சுமார் என்று சொன்னேன்.

மே மாதம் தனக்கென்று ஒரு பழைய பெட்டி வாங்கினாள். ஜூனில் தனக்கென்று ஒரு கோல். ஜூலையில் என் மேசையில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு ரொட்டித் தட்டு வைக்கிற அளவு. அதோடு நிற்கவில்லை. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து, வாயில் நுரையோடு, "என்னங்க, கோடு! கோடு தெரியுது! மேகத்துக்குப் பக்கத்துல!" என்றாள். அதுவும் என் பெட்டியில். அவளுடைய பெட்டியில் கோடே இல்லை. வெளியுறை போட்ட ஒயர் போட்டு, ஒவ்வொரு உறையையும் தனித்தனியாக எர்த் எனும் பூமிக் கம்பியோடு பற்றவைத்திருந்தாள். அதைச் செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியும். செய்ய என் கைக்குத்தான் தெரியாது. ஆகஸ்டிலிருந்து போன் வரத் தொடங்கியது. முன்பெல்லாம் கூட்டத்து ஆட்கள் சந்தேகம் கேட்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் நான்தான் எடுக்கிறேன். "கனியே-சானா? வணக்கம், வணக்கம். நல்லா இருக்கீங்களா? அம்மா இருக்காங்களா?" நான் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முப்பத்தாறு வருடம் மக்கள் சேவை செய்தவன் அல்லவா, அந்தப் பழக்கம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்டோபரில் இஷிகுரே-சான் வந்தார். இவரும் எங்கள் கூட்டத்து ஆள்தான், டிவி நிலையத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது. நிலையத்தில் கழித்துவிட்ட ஒரு பெரிய மானிட்டர் இவரிடம் இருப்பதால் போட்டிக்கு இவர்தான் மானிட்டர் கொண்டுவருவார். முதுகு நேராக இருக்கும். கழுத்தில் பட்டுத் துண்டு சுற்றியிருப்பார். அறுபத்துநான்கு வயதிலும் தலைமுடி முழுதாக இருக்கிறது, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இவர் தன் பெட்டியையும் ஒரு கூடை சீமைப் பனிச்சைப் பழத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, "தொமோயே-சான், நம்ம பெட்டியக் கொஞ்சம் பாருங்களேன், உங்களை விட்டா யாருகிட்ட குடுக்கிறது?" என்றார். நான் அதே அறையில், அதே மேசையில், கையில் கோலோடு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இரண்டு மணி நேரத்தில் முடித்தாள். இவர் பூதக்கண்ணாடியை வாங்கி அவள் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஏதோ கோயிலில் சாமி பார்க்கிற மாதிரி. "நாப்பது வருஷம் நிலையத்துல இருந்தேன். இப்படி ஒரு கையை நான் பாக்கலை" என்றார். தொமோயே முகம் சிவந்துவிட்டது. "சும்மா சொல்றீங்க" என்றாள். "சும்மா சொல்றதுன்னா கனியே-சான்கிட்ட சொல்லியிருப்பேனே" என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழம் நன்றாக இருந்தது என்று பிறகு அவள் சொன்னாள், நான் தொடவில்லை.

மச்சான், மனம் திறந்து எழுதுகிறேன். அவள் அவரோடு சிரித்ததற்காக நான் பொறாமைப்படவில்லை. முகம் சிவந்ததற்காகவும் இல்லை. வேண்டுமானால் இருவரும் உட்கார்ந்து தினமும் பழம் சாப்பிடட்டும். ஆனால் அவருடைய பெட்டியில் கோடு இல்லையே! என் சொந்த மனைவி, என் வீட்டில் உட்கார்ந்து, என் ஈயத்தை எடுத்து, ஊரான் வானத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டாளே, என் வானம் கம்பி போட்டுக் கிடக்கிறதே! எனக்கும் ஒன்று செய்து கொடு என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்பீர்கள். நான்கு வருடம் முட்டை வாங்கியவன் எப்படிக் கேட்பான்? அவளாகக் கேட்கட்டும் என்று என் பெட்டியை மூடி திறந்தபடி மேசைமேல் ஒன்பது நாள் வைத்தேன். பத்தாம் நாள் "தூசி விழுதுங்க" என்று மூடிவிட்டாள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அக்காவிடம்கூடச் சொல்ல வேண்டாம். போன வாரம் இஷிகுரே-சான் தன் கேபிளை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனார். பிரான்சிலிருந்து வரவழைத்தது, கன்றுக்குட்டி வால் கனம், பட்டு நூல் பின்னல். அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. ரகசியம் அவள் கையில் இல்லை, இந்தக் கேபிளில் இருக்கிறது! தொமோயே காய்கறி வாங்கப் போன சமயம் பார்த்து அதை என் பெட்டிக்கும் என் மானிட்டருக்கும் நடுவில் சொருகினேன். அளவாகப் போய் உட்கார்ந்தது. உட்காரத்தானே செய்யும்? அவர்கள் ஊர்ப் பிளக்கும் நம் ஊர்ப் பிளக்கும் ஒரே அச்சு, இரண்டுக்கும் இருபத்தொரு கால். ஆனால் எந்தக் கால் எந்த நிறத்துக்கு என்பது அங்கே வேறு, இங்கே வேறு. சிவப்பு மட்டும் சரியான வீட்டுக்குப் போகும், பச்சையும் நீலமும் கண்ட வீட்டுக்குள் நுழைந்து ரகளை செய்யும். இது எங்கள் கூட்டத்தில் முதல் நாள் பாடம். ஆறு வருடமாகப் புது ஆட்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். அதற்கு நான் எழுதிய கையேட்டில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எச்சரிக்கை இருக்கிறது. இஷிகுரே-சான் அந்தக் கேபிளைத் தன்னிடமுள்ள ஒரு பிரெஞ்சு டிவிக்காக வாங்கினார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவிட்சைப் போட்டேன். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது மச்சான். திரை ரத்தச் சிவப்பாகி மேலும் கீழும் உருண்டது. பெட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம். பிறகு புகை.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் திரும்பி வர வேண்டுமா?

"என்னங்க, என்ன வாசனை?"

"மீன் சுட்டேன்."

"நம்ம வீட்டுல மீனே இல்லையே."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு வந்து கேபிளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. கேலி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கேபிளைச் சுருட்டி ஓரமாக வைத்தாள், அரிசி கழுவிக் குக்கரைப் போட்டாள், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கருகிய சில்லை எடுத்துவிட்டுப் புதுச் சில்லு வைத்து, என் ஒயர்களையெல்லாம் மாற்றி, சோறு வெந்து குக்கர் பாட்டுப் பாடுவதற்குள் முடித்துவிட்டாள். சுவிட்சைப் போட்டேன். வானம் சுத்தம். என் பெட்டியில், நான் பதினெட்டு வருடமாகத் தேடிய வானம், ஒரு கோடு இல்லை. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சோறு ஆறிவிட்டது. மறுநாள் காலையில் அவள் வைத்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என் கையால் திரும்ப வைத்தேன். கோடுகள் வந்துவிட்டன. என்ன செய்வது, போட்டி விதி அப்படி, அவரவர் கைவேலையாக இருக்க வேண்டும். அவள் வந்து பார்த்தாள். "பழைய மாதிரியே இருக்கே" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுச் சாப்பிடும்போது குண்டைப் போட்டாள். "ஹோரிபே-சான் போன் பண்ணினாருங்க. என்னையும் கூட்டத்துல சேத்துக்கிட்டாங்களாம். போட்டியில பேரு குடுங்கன்னு ஒரே பிடிவாதம். குடுத்துட்டேன்." நான் "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அப்போது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தாங்கள் அனுப்பிய உடோன். அதை எங்கள் ஊர்ச் சிவப்பு மிசோ என்கிற சோயா விழுதில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டிருந்தாள். இதை அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறாள். சொல்லிவிட்டேன். தங்கள் தங்கை எப்படிப்பட்டவள் என்று தாங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே நிலைமை இதுதான். பதினான்காம் தேதி அவள் அந்த மாடிக்கு வந்தால் பன்னிரண்டு முட்டையும் அவள் பெட்டி முன்னால் இருக்கும், என் முட்டை உட்பட, ஏனென்றால் கண்ணால் பார்த்த பிறகு பொய் ஓட்டுப் போட எனக்கு வராது. அதன் பிறகு நான் எதற்கு அந்த மாடிக்குப் போவது? தொமோயே-சானின் வீட்டுக்காரர் என்று ஓரமாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடவா? இந்த வயதில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இந்த ஒரு வருடம், இந்த ஒரே வருடம் மட்டும் தாங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால், அடுத்த வருடத்துக்குள் நான் என் கையைச் சரிசெய்துகொள்வேன்.

வரும் புத்தாண்டில் தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் நிறைய வேண்டும், தங்கள் உடோன் நீளமாகவும் தங்கள் ஆயுள் அதைவிட நீளமாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டி, அக்காவுக்கு என் வணக்கத்தைத் தெரிவித்து முடிக்கிறேன்.

பணிவுடன்,
கனியே சடாஹிரோ

பின்குறிப்பு, டிசம்பர் 17: மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். தங்கள் இடுப்பு நீடூழி வாழட்டும்.

நடந்தது என்னவென்றால், எழுதி முடித்த அன்று வீட்டில் தபால் தலை இல்லை. கவரில் போட்டு, ஒட்டாமல், மேசை இழுப்பறையில் ஈயச் சுருளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று போட்டி நாளே வந்துவிட்டது. பதினான்காம் தேதி தூக்குமேடைக்குப் போகிறவனாக மாடி ஏறினேன். எல்லாருடைய வானத்தையும் ஓடவிட்டோம், இஷிகுரே-சானுடையதைத் தவிர, அது அவர் கைவேலை அல்லவே. தொமோயேயின் பெட்டி ஓடியபோது குனிந்து பார்த்தேன், என் கண்ணையே நம்பவில்லை. கோடு! அவள் வானத்தில் கோடு, என்னுடையதைவிட ஒரு மயிரிழை அழுத்தமாக! முட்டைகளை எண்ணினார்கள். எனக்கு எட்டு. அவளுக்கு ஒன்று, அதுவும் காபிக் கடை அம்மா கண்ணாடி போடாமல் வைத்தது. தொமோயே தன் முட்டையை எனக்குத்தான் வைத்தாள். இஷிகுரே-சான் அவள் திரையை வெகுநேரம் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், அவள் கூரையைப் பார்த்தாள். அவர் ஒருமுறை இருமிவிட்டுத் தன் முட்டையை என் பெட்டி முன்னால் வைத்தார். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது. ரயிலில் வரும்போது முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். கைப் பதட்டம்." "ஆமாங்க" என்றாள். "எங்க தப்புன்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். "வேண்டாங்க, போகட்டும்" என்றாள்.

நேற்று முன்தினம் அவள் முடி வெட்டப் போனபோது, உதவி செய்கிற நல்ல எண்ணத்தில்தான், அவள் பெட்டியைத் திறந்தேன். எல்லா இடமும் பளபளவென்று இருந்தது. ஒரே ஒரு பூமிக் கம்பி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. அறுந்ததல்ல, வெட்டியது. வெட்டிய முனைக்கு நகக்கண் அளவில் டேப் சுற்றி, வேறு எதிலும் பட்டுவிடாமல் ஓரமாக மடித்து வைத்திருந்தாள். அந்த ஒரு கம்பி போனால் கோடு வரும். எவ்வளவு வரும்? என்னுடையதைவிடச் சரியாக ஒரு மயிரிழை அதிகமாக. முப்பத்தொரு வருடம் பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பல் செய்தவள், என் கோட்டின் நிறத்தைப் பார்த்து அதற்கு அடுத்த நிறத்தில் ஒரு கோடு செய்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! என் கோடு தானாக வந்து தொலைகிறது, அவள் வேண்டிய அளவுக்கு வரவழைக்கிறாள். தோற்பதில்கூட என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தால் மனிதன் எங்கே போவது? இந்தக் கடிதத்தை உடனே போட்டுவிடுகிறேன் பார் என்று இழுப்பறையைத் திறந்து கவரை எடுத்தேன்.

கவரில் தபால் தலை ஒட்டியிருந்தது. நான் ஒட்டவில்லை. ஓரத்துக்கு ஓரம் அளவெடுத்த மாதிரி நேராக இருந்தது. இந்த வீட்டில் தபால் தலையை அப்படி ஒட்டக்கூடிய ஆள் ஒருவர்தான்.

மச்சான், ஈயம் எடுக்க வந்தபோது பார்த்திருக்கிறாள். இடுப்பு, பட்டுத் துண்டு, மீன், முட்டை எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். மிசோ விஷயத்தை நான் காட்டிக்கொடுத்ததையும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, நான் அனுப்ப நினைத்தால் அனுப்பிக்கொள்ளட்டும் என்று தபால் தலையும் ஒட்டி வைத்துவிட்டு, போய்த் தன் கம்பியை வெட்டியிருக்கிறாள்.

கோலைச் சூடு பண்ணினேன். அந்தக் கம்பியை நானே திரும்பப் பற்றவைத்தேன். ஈயம் கூடுதலாக விழுந்து, அவள் வைத்ததற்கெல்லாம் நடுவில் ஒரு மொச்சைக் கொட்டை அளவுக்குத் திரண்டு நின்றது. சுவிட்சைப் போட்டால் வானம் சுத்தமாக இருந்தது. மூடித் திருகாணியை முடுக்கி வைத்துவிட்டேன். ஹோரிபே-சானுக்குப் போன் போட்டு, முட்டைகள் தொமோயேவுக்குச் சேர வேண்டியவை, பெட்டியில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். "அது எங்க எல்லாருக்கும் தெரியுமே கனியே-சான். உங்களுக்குத் தெரியவேண்டாம்னுதானே முட்டையை உங்களுக்கு வெச்சோம்" என்றார்.

இன்று காலை அவள் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்குகிற படத்தை நேராக்காமல் அவளால் டீ குடிக்க முடியாது, தங்களுக்கே தெரியும். நான் வைத்த ஈய மொச்சையை வெகுநேரம் பார்த்தாள். கோலைக் கையில் எடுத்தாள். ஈயம் உருகுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கோலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு மூடியை மூடினாள். என் ஈய மொச்சை அப்படியே உள்ளே இருக்கிறது.

இஷிகுரே-சானின் பெட்டியில் இப்படி ஒன்று கிடையாது.